பாதி உரம் போட்ட நான்கு வாளிகள்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மொட்டை மாடியில் இருக்கும் எட்டு மக்காச்சோளச் செடிகள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் கண்ணாடிக் கூடத்தில் நீ வளர்க்கும் நாற்றுகளும் அதேபோல் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. போன வாரம் போனில் மாமா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்டதும் நான் இருமினேன், உன் அம்மா பால்காரர் வந்துவிட்டார் என்று போனை வைத்தாள். பால்காரர் வரவில்லை. நடந்ததைப் போனில் சொல்ல முயன்றால் அவள் குறுக்கே பேசுவாள், அதனால் எழுதுகிறேன்.

நீ அங்கே என்னதான் வேலை செய்கிறாய் என்று மாமா என்னிடம் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. அவர் இந்த முறை மூன்று ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டிருக்கிறார், இந்த வருடம் அவர் குடும்பம் நம்பியிருப்பது அதை மட்டும்தான். பழைய வாத்தியார் இல்லையா, நான் வழக்கம்போல் வகுப்பறையை வைத்து விளக்கினேன். ஆசிரியர் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பாடம் நடத்துகிறார், பிள்ளைகளுக்கு ஏறுவது பாதி, மீதி ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது. நாம் போடும் யூரியாவும் அப்படித்தான், பயிர் எடுத்துக்கொள்வது பாதிகூட இருக்காது, மீதி தண்ணீரோடு ஓடிக் குளத்தைக் கெடுக்கிறது, ஆவியாகிக் காற்றையும் கெடுக்கிறது. எல்லோரும் ஆசிரியரை இன்னும் சத்தமாகக் கத்தச் சொல்கிறார்கள், என் மகள் பிள்ளையின் காதைச் சரிசெய்கிறாள், அதாவது பயிரின் மரபணுவில் சின்னத் திருத்தம் செய்து, கிடைக்கிற தழைச்சத்தை வேர் வீணாக்காமல் இழுத்துக்கொள்ளும்படி பண்ணுகிறாள் என்றேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், நீங்க சொன்னதும் பாதி ஜன்னல் வழியா போயிடுச்சு, கண்ணுக்கு நேரா காட்டுங்க" என்றார்.

என்னை இப்படிச் சீண்டினால் நான் சும்மா இருப்பேனா? எட்டு பழைய பெயிண்ட் வாளிகளில் அடியில் ஓட்டை போட்டு, கழுவிய மணலும் மண்ணும் நிரப்பி, கடையில் வாங்கிய சாதாரண விதையை ஊன்றினேன். நாலு வாளியில் முழு, நாலு வாளியில் பாதி என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். பாதி உரம் போட்டவை வெளுத்துப் போகும், அதைக் காட்டி, பார்த்தீர்களா இதற்குத்தான் நம் பெண் பாடுபடுகிறாள் என்று சொல்வதாகத் திட்டம். யூரியாவை ஜாம் பாட்டிலில் வைத்து நானே ஸ்பூனால் போடுவேன், தண்ணீர் ஊற்றுவது மட்டும் உன் அம்மா பொறுப்பு. மூன்றாவது வாரம் எதிர்பார்த்தபடியே பாதி வாளிகளின் கீழ் இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாக ஆரம்பித்தன. நோட்டில் தேதி போட்டு எழுதினேன். ஐந்தாவது வாரம் பார்த்தால், புதிதாக வந்த இலைகள் எல்லாம் கரும்பச்சை, முழு வாளிகளைவிட ஒரு சாண் உயரம்!

நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வயதான காலத்தில் ஒரு கண்டுபிடிப்பு வாசல் தேடி வந்தால் யார்தான் விரட்டுவார்கள்? கடை விதையே பாதி உரத்தில் நன்றாக நிற்கிறது, ஆகவே நீ இத்தனை வருடம் கஷ்டப்படுவது தேவையில்லை என்று உனக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். தபால்தலை இல்லாததால் அது மேசை டிராயரிலேயே கிடந்தது. கடிதம் போகவில்லை, ஆனால் மாமா வந்துவிட்டார். வாளிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், நோட்டையும் காட்டினேன். அப்படியே கிளம்பிப் போனார். போனவர், பாதி உரமே போதும் என்று முடிவுகட்டி, பயிர் முழங்கால் உயரம் வந்ததும் போட வேண்டிய இரண்டாவது உரத்தை வயலில் போடவே இல்லை. எனக்கு அது தெரியாது.

பன்னிரண்டு நாள் கழித்து நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து, மஞ்சளான ஒரு இலையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "உங்க வாளி பச்சையா நிக்குது, என் வயல் மட்டும் ஏன் மச்சான் இப்படி?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் ஒரு மாணவன் மாதிரி கேட்டார். நான் நோட்டை எடுத்துப் புரட்டுகிறேன், மண் வேறு, வெயில் வேறு என்று ஏதேதோ சொல்கிறேன். உன் அம்மா சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "தம்பி, அந்த நாலுக்கும் நான்தான் போட்டேன்" என்றாள். நான் நூலகம் போகும் செவ்வாய்க்கிழமைகளில் ஜாம் பாட்டிலைத் திறந்து, வாளிக்கு ஒரு ஸ்பூன்! ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், "எட்டுக்கும் நான்தான் தண்ணி ஊத்துறேன். நாலு சாப்பிடுது, நாலு வாயைப் பாத்துக்கிட்டு நிக்குது. பெத்தவ பாத்துக்கிட்டு இருப்பாளா?" என்கிறாள். மாமா, "அக்கா, உன் பாசத்துல என் மூணு ஏக்கரும் போச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பூ எடுப்பதற்கு முன் உரம் போடாவிட்டால் கதிர் பாதி காலியாக நிற்கும். நல்ல வேளையாக முந்தின நாள்தான் மழை பெய்து மண் ஈரமாக இருந்தது, பூவுக்கும் இன்னும் ஒரு வாரம் இருந்தது. மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் வாளியோடு வயலில் இறங்கினோம். செடிக்கு ஒரு சிட்டிகை, வேரிலிருந்து நாலு விரல் தள்ளி, போட்டதும் மண்ணால் மூடு என்று நான் வரிசைக்கு வரிசை சொல்லிக்கொண்டே போனேன், மாமா வாயைத் திறக்கவில்லை. உன் அம்மாவை மட்டும் பார்த்திருக்க வேண்டும் நீ. பட்டப்பகலில், யாருக்கும் ஒளிக்காமல், ஆயிரக்கணக்கான வாய்களுக்கு ஊட்டும் வாய்ப்பு! என் இடுப்பு இரண்டே மணி நேரத்தில் விடுமுறை கேட்டது, அவள் வேலை நடந்த மூன்று நாளும் நிமிரவில்லை.

நேற்று போய்ப் பார்த்தோம். மஞ்சளான இலைகள் மஞ்சள்தான், அவை திரும்பாது, மகசூலும் கொஞ்சம் குறையும். ஆனால் மேலே வந்த இலைகள் எல்லாம் பச்சை, கதிர் பிடிக்கும். மாமா வரப்பில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு இத்தனை நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினார். "இப்பத்தான் மச்சான் எனக்குப் புரியுது, பாப்பா என்ன செய்யுதுன்னு. நிஜமாவே பாதியில நிக்கிற விதை ஒண்ணு இருந்தா நான் இப்படி ஓடியிருக்க வேண்டாம்ல? அது எப்ப வரும்னு கேட்டு எழுதுங்க. எத்தனை வருஷம் ஆனாலும் சரி, பொய் சொல்லாம எழுதச் சொல்லுங்க" என்றார். ஆகவே கேட்கிறேன், எப்போது வரும் அம்மா? அவசரப்படுத்தவில்லை. ஆனால் இங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, குனிந்தே வேலை செய்யாதே, உன் முயற்சி எல்லாம் கைகூடி நீ நீடூழி வாழ எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. மறக்காமல் ஒன்று செய். உன் கண்ணாடிக் கூடத்தில் நீ இல்லாத நாட்களில் தண்ணீர் ஊற்றுவது யார், அவர் இரக்க குணம் உள்ளவரா என்று நன்றாக விசாரித்துவிட்டு அப்புறம் முடிவுகளை எழுது.

உன் வெற்றியை எதிர்நோக்கும்,
அப்பா

பின்குறிப்பு: இதைப் படித்துப் பார்த்த உன் அம்மா, ஒரு ஸ்பூன் இல்லை, முக்கால் ஸ்பூன்தான் என்று திருத்தச் சொல்கிறாள்.