மட்ச் நாளில் நான் கழற்றி வைத்த கவர்

என் ஆசை அண்ணைக்கு,

உங்கள் மகள் துளசி நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முடியும்வரை பதறிக்கொண்டே இருப்பீர்கள். அவளுக்குத் தலையில் ஒரு அடி பட்டது உண்மைதான். ஆனால் நான் எழுத வந்தது நல்ல செய்தி.

பல்கலைக்கழகம் போனதும் பெண்கள் அணியில் சேர்ந்து அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடத் தொடங்கினாள். பந்தைக் காலால் தொடுவதே அபூர்வம். பிறகு ஏன் ஃபுட்போல் என்று என்னைக் கேட்காதீர்கள். பந்தோடு ஓடுகிறவளை மற்றவள் மோதி விழுத்த வேண்டும், அவ்வளவுதான். பெற்ற தாய் என்றாலும் மச்சாள் பார்க்க வரமாட்டா. "தேப்பன் தலையில அடிபட்டுப் போனது போதாதே?" என்று ஒரே அழுகை. அதனால் மாமியான நான்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போய்வருகிறேன்.

போன வருஷம் ஒரு மோதலில் அவளுக்குத் தலையில் பலமாக அடிபட்டது. ஒருவருக்கும் மூச்சு விடாமல் தொடர்ந்து விளையாடியிருக்கிறாள். அடுத்த நாள் படியில் தடுமாறியபோதுதான் பிடிபட்டாள். கேட்டால் என்ன சொன்னாள் தெரியுமா? "ஒண்டுமில்லை மாமி." அச்சு அசல் நீங்கள்தான், அண்ணை.

இல்ஃபோர்ட் கடையில் ஏணியால் விழுந்த அன்று நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து பின்தலையைத் தடவிக்கொண்டு, "ஒண்டுமில்லையடி, தேத்தண்ணி ஒண்டு போடு" என்றீர்கள். நான் நம்பினேன். தேத்தண்ணி போட்டேன். கொஞ்சம் படுக்கிறேன் என்று போனவர் எழும்பவேயில்லை. ஏன் நான் இன்னொரு தரம் கேட்காமல் விட்டேன்?

டொக்டர் சம்மதித்த பிறகுதான் துளசி திரும்ப விளையாட வந்தாள். அவளைப் பழக்குகிற கோச் பெண் ஒரு கட்டளை போட்டா. இனி ஹெல்மெட்டுக்கு மேலே மெத்தென்ற ஸ்பொஞ் கவர் ஒன்று மாட்டித்தான் இறங்க வேண்டும். பார்த்தால் ஹெல்மெட்டுக்குச் சட்டை தைத்துப் போட்டதுபோல இருக்கும். விளையாட்டுச் சாமான்களை மச்சாளின் கண்ணில் படாமல் குட்மேய்ஸில் என் வீட்டில்தான் வைப்பாள்.

இனி என் கூத்தைக் கேளுங்கள். உங்கள் நீலச் சோபா நினைவிருக்கிறதா? வருஷக்கணக்கில் பொலித்தீனோடு இருக்கும், விசேஷத்துக்கு ஆட்கள் வந்தால் மட்டும் கழற்றுவீர்கள். எனக்கும் அந்தப் புத்திதானே! அது ஹெல்மெட்டில் கீறல் படாமல் காக்கத்தான் என்று நினைத்தேன். முக்கியமான மட்ச், படம் எடுப்பார்கள், இந்தத் தடித்த கவர் எதற்கு என்று கழற்றி, தோய்த்து, அலுமாரியில் மடித்து வைத்துவிட்டேன். ஹெல்மெட்டைப் பளபளவென்று துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தேன்.

வால்தம்ஸ்டோ மைதானத்தில் பையைத் திறந்தவள் திகைத்துப்போனாள். "மாமி, கவர் எங்க?"

"ஊத்தை படாமல் எடுத்து வைச்சிருக்கிறன், பிள்ளை."

"ஐயோ மாமி! அது ஹெல்மெட்டுக்கு இல்லை, என்ர தலைக்கு!"

பின் அவளே என் தோளைத் தட்டி, "ஒண்டுமில்லை மாமி, இதில்லாமலே விளையாடுவன்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ! "உன்ர அப்பாவும் இதைத்தான் சொன்னவர். நான் கவரோடு வருமுன்னம் இறங்கினால் காலை முறிப்பன்" என்று எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டேன். கோச்சும் அவளை மைதான ஓரத்து வாங்கில் உட்கார வைத்தா. டக்ஸி பிடித்து வீட்டுக்குப் போய்க் கவரோடு திரும்பும்போது பாதி மட்ச் முடிந்திருந்தது.

மாட்டிக்கொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி ஓடி வந்து மோத, இருவரும் தலையோடு தலை முட்டி விழுந்தார்கள். துளசி எழும்பினாள். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. அந்தக் கவர் அடியின் வேகத்தைக் குறைக்குமாம், ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை முழுக்கத் தடுக்காதாம். அதைக் கோச் பிள்ளைகளுக்கு முன்னமே சொல்லியிருந்தாவாம். மிச்சத்தை அவளவள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

துளசி இரண்டு அடி நடந்தாள், நின்றாள். பிறகு தானாகவே எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள். "ஐ ஆம் நொட் ஓகே. தலை சுத்துது" என்றாள்.

அண்ணை, எங்கள் குடும்பத்தில் ஒரு ஆள் இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். என்னையறியாமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இலேசான அதிர்ச்சிதானாம், நல்லாய் ஓய்வெடுத்து, டொக்டர் சொன்னபிறகு படிப்படியாய்த் திரும்பலாமாம். மச்சாள் பதறி ஓடிவந்தா. திட்டப்போகிறா என்று நான் ஒதுங்கி நின்றேன். அவ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீயாவே சொன்னனியே?"

"ஓம் அம்மா."

மகளின் தலையை நெஞ்சோடு அணைத்தபடி கனநேரம் இருந்தா. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மட்சுக்கு நானும் வாறன். கவரை என்னட்டத் தாங்கோ, உங்களை நம்ப ஏலாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. சரிதானே, என்னை எப்படி நம்புவது?

ஆனால் ஒன்றுக்கு என்னை நம்பலாம், அண்ணை. இனி அவள் "ஒண்டுமில்லை" என்றால் இரண்டாம் தரமும் கேட்பேன், மூன்றாம் தரமும் கேட்பேன். அன்று உங்களிடம் கேட்காமல் விட்டதையும் சேர்த்துக் கேட்பேன். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான்.

என்றும் உங்கள் தங்கச்சி,
துளசியின் மாமி,
வசந்தி