உப்பை நிறுத்திய வீடு

குவாதலூப்பே அன்னை துணை

அன்புள்ள ஒப்துலியாவுக்கு, அண்ணி எர்மெலிந்தா எழுதுவது. திஹுவானாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

பக்கவாதம் வந்த உன் அண்ணனுக்கு வலக் கை இன்னும் எழவில்லை. கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். டிசம்பரில் அன்னையின் திருவிழாவுக்கு வந்து அவரை உன்னோடு கூட்டிப்போவதாகப் பக்கத்து வீட்டு செனோபியாவிடம் போனில் சொன்னாயாம். "உப்பில்லாம போட்டே எங்கண்ணன படுக்க வச்சுட்டா. என் கையால நாலு நாள் தின்னா எந்திரிச்சு உக்காந்துருவாரு" என்றாயாம். அவள் அதை என் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னதால்தான் உப்பை நிறுத்தினேன். ஈஸ்டருக்கு வந்த நீ மழைக்காலம் முடியும்வரை அடுப்பை என்னிடம் விடவில்லை. "உப்பத்தானே அண்ணி வேணாம்னாங்க, பன்னிக்கொழுப்பு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தாய். உப்பில்லாத ருசியைக் கொழுப்பால் ஈடுகட்டினாய். அவரைக்கொட்டையில் கொழுப்பு, சோள அடையில் கொழுப்பு. மாதம் ஒரு டின் போதுமாயிருந்த வீட்டில் மூன்று டின் தீர்ந்தது. சாமான் வாங்குகிறவள் நான், எனக்குத் தெரியாதா? "என் தங்கச்சி வந்தாத்தான் நாக்குக்கு உசுரு வருது" என்று அவரும் எனக்குக் கேட்கவே சொன்னார். செப்புக் கொப்பரையில் பன்றியிறைச்சி வறுத்து விற்ற மனிதர், வேறெப்படிச் சொல்வார்?

அவர் விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கேட்டாள்: "உப்ப நிறுத்தினீங்க, சரிம்மா. கொழுப்ப யாரு நிறுத்தினது?" ஓயாமல் கொழுப்பு தின்றால் மூளைக்குள்ளேயே அழற்சி வரலாமாம். ரத்த அழுத்தத்தை ஆளுகிற இடம் அதில் புண்பட்டால், குழாய்களை இறுக்கு இறுக்கு என்று நரம்புகளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருக்குமாம். இது ஒன்றே காரணமென்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் உப்பு ஒன்றே காரணமென்று நாம்தான் நிம்மதியாக இருந்தோம்.

கொப்பரையைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள் வறுத்த இறைச்சி கேட்டு இன்னும் கதவைத் தட்டுகிறார்கள். இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.

அவரை அனுப்ப மாட்டேன், ஒப்துலியா. கோபித்துக்கொள், ஊரெல்லாம் சொல். நீ வா, வெறுங்கையோடு வா. அவர் குடிக்கும் கஞ்சியை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் குடி. உன் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள், அதே தாய் வயிறுதானே. உனக்கும் சேர்த்தே மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். மனமில்லாத நாளிலும் ஏற்றுகிறேன்.

தினமும் உன் பெயரைச் சொல்லப் பார்க்கிறார். "ஒப்... ஒப்..." என்பதோடு நின்றுவிடுகிறது. என் பெயரை இன்னும் தொடங்கவே இல்லை. அதை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரையாவது அன்னை அவரை என்னிடம் விட்டுவைக்கட்டும்.

உன் அண்ணி,
எர்மெலிந்தா