பிடிலுக்குள் ஒரு குச்சி

10 செப்டம்பர் 1938, சனி. வரதோலி

நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிட்டேன். புத்தி எங்கே போயிற்று? ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்று அப்பா இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பிடிலுக்குள்ளே மேல்பலகையைத் தாங்கி நிற்கும் சுண்டுவிரல் நீளக் குச்சி விழுந்துவிட்டது. அது இல்லாவிட்டால் பிடில் வெறும் பெட்டி, தகர டப்பாவைச் சுரண்டுகிற சத்தம்தான் வரும். அந்த நிலையில் தந்தியை முறுக்கி வைத்தால் பலகையே பிளந்துவிடும். அப்பா சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த கொக்கியைப் பக்கத்துத் துளை வழியாக விட்டு, குச்சியைக் குத்தித் தூக்கி நிறுத்துவதற்குள் காலை போய்விட்டது. வினிஃப்ரெட் அண்ணி பாத்திரங்களை வைத்த வேகத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். கல்யாணமாகாத நாத்தனார் சமையலறைப் பக்கம் வராமல் பிடிலோடு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

மதியம் தமிழர் சங்கப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு. அங்கே பாயில் உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டுவேன். ஞாயிறு மாதா கோயிலில் நின்றுகொண்டு, தாடைக்கடியில் இடுக்கி, வெள்ளைக்காரச் சுருதிக்கு முறுக்குவேன். வாரா வாரம் இப்படி. எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. இரண்டு இடத்திலும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள், அது வேறு விஷயம்.

லாரி ஓட்டும் ஷம்சுவின் மகள் சபூராவுக்குக் கை வளர்ந்துவிட்டது. சங்கம் வாங்கித் தந்த சின்னப் பிடில் அவளுக்குப் போதவில்லை, என்னுடையதில்தான் வாசிக்கிறாள். இன்று மோகனத்தில் ஓரிடத்தில் கரகரத்தது. உடனே தந்தி முறுக்கும் பிருடையைத் திருகப் போனாள். அதட்டினேன்: “சத்தம் கெட்டா முதல்ல உன் கையைச் சந்தேகப்படு. வாத்தியத்து மேல பழி போடாதே.” தலையாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தாள். என்ன அழகாக வந்தது! இந்தப் பெண்ணுக்காகத்தான் நான் சனிக்கிழமைகளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். நவம்பரில் புது மண்டபம் திறக்கும்போது அவள் தனியாக வாசிப்பாள் என்று செக்ரட்டரி சிவன் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

18 செப்டம்பர், ஞாயிறு

மாரிஸ் அண்ணன் கோயில் உபதேசியார் அல்லவா, விடமாட்டார். “அங்க சொல்லிக் குடுக்கறதெல்லாம் அவங்க சாமிப் பாட்டாமே, பியாட்ரிஸ்?”

“பிடிலுக்கு யாரும் ஞானஸ்நானம் குடுக்கலையே அண்ணே” என்றேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

1 அக்டோபர், சனி

சங்கப் பள்ளியில் சரஸ்வதி பூசைக்கு இன்றே எல்லாம் அடுக்கினார்கள். புத்தகங்கள், மிருதங்கம், சின்னப் பிடில்கள். என்னுடையதை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது சிவன் கைகூப்பினார். “டீச்சரம்மா வாத்தியம் இல்லாமலா நமக்குப் பூசை?” பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை நாளில் அந்தப் பள்ளியில் எனக்கென்று ஓர் இடம் காட்டியது இதுதான் முதல் தடவை. மகிழ்ச்சியாகத்தான் கொடுத்தேன். சிவனே சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டார்.

நாளை கோயிலில் ஜெபமாலை மாதா திருநாள். விடிந்ததும் போய் எடுத்துக்கொள்ளலாம்.

2 அக்டோபர், ஞாயிறு

எடுத்தேன். பள்ளி திறந்துதான் கிடந்தது. பூவை ஒதுக்கிவிட்டு எடுத்தேன். குங்குமத்தைத் துடைத்தேன், ஆனால் தலைச்சுருளின் பள்ளத்தில் இருந்த சந்தனம் போகவில்லை. பாட்டுக்கு நடுவே அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். முன்வரிசைப் பெண்களும் பார்த்தார்கள். நான் வாசித்த மாதா பாட்டை யாராவது கேட்டார்களா, தெரியவில்லை.

கோயில் பூசை முடிந்ததும் அண்ணன்: “காலுல வெச்சு வாசிச்சே, பொறுத்துக்கிட்டேன். இப்ப அவங்க சாமி முன்னால வெச்சு எடுத்தத மாதா முன்னால கொண்டாறியா? சாமியாருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

பங்குச் சாமியார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன்தான் அவருக்கும் சேர்த்துக் கோபப்பட்டார்.

3 அக்டோபர், திங்கள்

சிவன் வீட்டுக்கே வந்தார், உட்கார மாட்டேன் என்றார்.

“எடுக்கக் கூடாதும்மா. விஜயதசமியன்னிக்கு மறுபூசை பண்ணித்தான் தொடணும். அதுவரைக்கும் அது சரஸ்வதி அம்மாவோடது. நீங்க அவ எதிர்லயிருந்து தூக்கிட்டுப் போயிட்டீங்க.”

“எனக்கு யாரும் சொல்லலையே.”

“இதெல்லாம் சொல்லியா குடுப்பாங்க?”

அப்பா எங்களை வளர்த்தது கோயிலில். பிடில் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். பிடிலை எப்போது வாசிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ.

9 அக்டோபர், ஞாயிறு

சங்கக் கமிட்டி நங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்துவிட்டது, இனி நான் வர வேண்டாம். கோயிலிலும் கொஞ்ச நாள் வாசிக்க வேண்டாமாம். இவர்களும் அவர்களும் ஒத்துப்போய் நான் பார்த்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

29 அக்டோபர், சனி

அண்ணியின் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துத் தைத்தேன். மணி மூன்றானதும் கை தானாகவே பாயைத் தேடியது. சீ.

17 நவம்பர், வியாழன்

சிவன் மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார், டீயும் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத் திறப்பு. மதராசிலிருந்து புதிதாகத் தலைநகர் சுவாவுக்கு வந்திருக்கும் வித்வான் ஒருவர் வாசிக்கிறாராம். இனி வகுப்பும் அவருக்குத்தானாம். ஆனால் அவருடைய பிடில் கப்பலில் ஈரம் பட்டு ஒட்டு விட்டுப்போயிற்றாம். “அதான்... உங்க வாத்தியத்த ரெண்டு நாளைக்குக் குடுத்தீங்கன்னா...”

“சபூரா வாசிக்கறதா சொன்னீங்களே?”

“பெரியவரு வர்றப்ப சின்னப் புள்ள எதுக்கும்மா?”

நான் ஆகாது, என் பிடில் மட்டும் ஆகும். அம்மாவிடமிருந்து அதைத் தூக்கிய பாவம் என் கையில் ஒட்டிக்கொண்டது, பிடிலில் ஒட்டவில்லை போலிருக்கிறது. “கொடுத்துத் தொலையேன்” என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல். நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன்.

18 நவம்பர், வெள்ளி

முடியாது என்று சொல்லியிருந்தால் அது நியாயம். நான் அதைச் செய்யவில்லை. தந்திகளைத் தளர்த்தினேன். அப்பாவின் கொக்கியால் குச்சியைத் தட்டி வெளியே எடுத்தேன். தந்திகளை மறுபடி முறுக்கி, உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். மதராஸ் வித்வான் சபை நடுவில் உட்கார்ந்து டப்பாவைச் சுரண்டட்டும். சிவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பலகை ஓரிரு நாள் தாங்கும்.

குச்சி தீப்பெட்டிக்குள் இருக்கிறது. எனக்கு வருத்தமே இல்லை.

20 நவம்பர், ஞாயிறு

எழுத முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மண்டபத்து வேலிக்கு வெளியே, கரும்பு ரயில் தண்டவாளத்தின் ஓரம் நின்றேன். நேற்றிலிருந்து மழை. வழியில் ஆறு பெருகிப் பஸ் வரவில்லை, வித்வானும் வரவில்லை. சிவன் மேடையில் ஏறி, “நம்ம புள்ளையே வாசிக்கும்” என்றார். சபூரா என் பிடிலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பச்சைப் பாவாடை, தலையில் முக்காடு.

ஐயோ, நான் ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாமே! “வேண்டாம்டீ, வாசிக்காதே” என்று கத்தியிருக்கலாமே. கால் ஏன் நகரவில்லை?

முதல் இழுப்பிலேயே அந்தச் சத்தம். நிறுத்தினாள். பிருடையைத் தொடவே இல்லை. தன் விரல்களைப் பார்த்தாள், பாவாடையில் துடைத்துக்கொண்டாள், மறுபடி இழுத்தாள். பின்வரிசையில் சிரிப்பு. பாட்டைப் பாதியில் விடவில்லை அந்தப் பெண், கடைசி வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

22 நவம்பர், செவ்வாய்

ஷம்சு பிடிலைக் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்றார்.

“மன்னிச்சிருங்க டீச்சர். புள்ள ரொம்ப அழுத்திட்டா போல, பலகையில கோடு விழுந்திருக்கு. செலவு என்ன ஆவுதோ நான் குடுத்திடறேன்.”

“சபூரா என்ன சொல்றா?”

“என்னத்த சொல்லுவா. ‘சத்தம் கெட்டா கையத்தான் சந்தேகப்படணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க வாப்பா, என் கைதான் சரியில்ல’ன்னு அழுவுறா. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பிடிலுன்னு எங்க ஜமாஅத்துல முந்தியே பேசுனாங்க, நான்தான் காதுல வாங்கல. இனி வேணாம்னு சொல்லிட்டேன்.”

தீப்பெட்டி எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நாலு எட்டு நடந்தால் எடுத்துவிடலாம்.

“பரவாயில்லை” என்றேன்.

27 நவம்பர், ஞாயிறு

போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்கு.

8 ஜனவரி 1939, ஞாயிறு

கரும்பு மில் தச்சர் விரிசலை ஒட்டிக் கொடுத்தார். குச்சியை நானே நிறுத்தினேன். சத்தம் முன்பு மாதிரியே இருக்கிறது, எங்கேயாவது கொஞ்சம் கெட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு அண்ணன் அதன்மேல் தீர்த்தம் தெளித்து என்னை வாசிக்கச் சொன்னார். சிவனும் சொல்லி அனுப்பியிருக்கிறார்: “டீச்சரம்மா கை படாம அது பேசாதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. கோபத்த மறந்துட்டு வாங்க.” வித்வான் சுவாவை விட்டு வருவதாக இல்லையாம். வரும் சனிக்கிழமையிலிருந்து வகுப்பு. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

கோயில் பூசை முடிந்து பிடிலோடு வரும்போது பாலத்தருகே ஷம்சுவின் லாரி நின்றது. அவர் சலாம் சொன்னார். பக்கத்தில் சபூரா. நான் கையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள், பிடிலைப் பார்த்தாள், தன் இரண்டு கைகளையும் முக்காட்டுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.