பச்சையாக ஒளிரும் தம்பிக்கு

அன்புத் தம்பி யோகா,

நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரு முடிவெடுத்தேன்: ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றிய அம்மாவை, விதி இருந்தும், மறுபடி போடச் சொல்வதில்லை. விளைவுகளுக்கு நானே பொறுப்பு.

வட்டவளையிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். கூடவே நம் தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்கள் நால்வர். நீ போன அன்று மண்சரிவில் பாதை மூடியதால் உன்னைக் கண்டியிலேயே அடக்கம் செய்தோம். அவர்கள் யாரும் கடைசியாக உன் முகம் பார்க்கவில்லை.

உன் தசைகளைத் தளர்த்திய நோயை ஆராய நீ ஒரு துணுக்குத் தோல் கொடுத்தாயே, அதன் உயிர்க்கலங்களை இதுவரை வளர்த்துவந்தோம். ஜெலிமீனில் கண்டெடுத்த ஒரு புரதத்தை அவையே உண்டாக்கும்படி செய்திருக்கிறோம். நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். கலம் உயிரோடு இருக்கும்போதே உள்ளே நடப்பது தெரியும். வெளிச்சம் காட்டிக் கலங்களை வேலை வாங்கும் புரதங்கள்கூட வந்துவிட்டன. காலையில் கொழுந்து பறிப்பவர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் கூடைகள் நகருமே, அப்படி.

சின்ன வயதில் டோர்ச்சை உள்ளங்கைக்குள் பொத்தி, "அக்கா, எனக்குள்ள பாரு!" என்று சிவந்த விரல்களைக் காட்டுவாய். லயம் முழுவதற்கும் காட்டுவாய். பாட்டரி தீர்ந்ததற்கு அடி எனக்கு விழும்.

உன் கலங்கள் இனிப் பெருகாது; மிஞ்சியது ஒரே தட்டு. அன்று பிற்பகல் அதன் ஒளியை அளக்க வேண்டும். அளந்தால்தான் உனக்குள் எது பழுதானது என்று தெரியும்.

அந்தத் தட்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நீல விளக்கைப் போட்டேன். அம்மா குனிந்து பார்த்தார்.

"இதுவா நம்ம யோகா? குளிர்லயா வச்சிருக்க?"

"இல்லம்மா, உடம்புச் சூட்டுப் பெட்டியில."

"பாருங்கடி, நாங்க கம்பளிக்கு அலையுறோம், இவன் சொகுசா இருக்கான்!" என்றார் லயத்தில் பக்கத்துக் காம்பராப் பாக்கியம் அத்தை. சிரித்தார்கள். பிறகு அழுதார்கள்.

துக்க வீட்டில் நிற்பதுபோல் வரிசையாக நின்று, ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அந்தப் புரதம் வெளிச்சத்தில் பார்க்கப் பார்க்க மங்கிப்போகும். எனக்குத் தெரியும். ஒருவர் பார்த்ததும் விளக்கை அணைத்திருக்க வேண்டும். அம்மா இன்னொரு முறை பார்க்க வரிசையின் கடைசியில் போய் நின்றார். நீயாக இருந்தால் அணைத்திருப்பாயா?

மறுபடி குனிந்தார்.

"ஒண்ணுந் தெரியலையே. தூங்கிட்டானா?"

"ஆமாம்மா."

"அப்ப லைட்ட அணைச்சிரு. புள்ளைக்குக் கண்ணு கூசும்."

ஏன் மங்கியது என்று அம்மாவிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

பிற்பகல் அளவு எடுக்கப்படவில்லை. ஆய்வு மற்ற நோயாளிகளின் கலங்களோடு தொடர்கிறது.

உன் அக்கா,
தனம்