முப்பத்தொன்றாம் நம்பர் லைசன் தகடு

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்பு என்ற வார்த்தையை வழக்கத்துக்காகப் போடவில்லை. சின்ன வயதில் எனக்கு உங்கள் மேல் உயிர். இத்தனை வருடக் கோபமும் அதிலிருந்து வந்ததுதான்.

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு அண்ணி ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார். கேகாலையில் உங்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். "நீயும் நாலு வரி எழுது ஞானம். அவரு தகடு சேத்ததப் பத்தி எழுதுனா நல்லாருக்கும்" என்றார். எழுதுகிறேன். இதை அச்சில் போடுவதும் அடுப்பில் போடுவதும் அவர் விருப்பம்.

தகடு சேர்ப்பதில் உங்களைப் போல ஒருவர் இல்லை என்று ஊரே சொல்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட என்று போவீர்களாம். பழைய கம்பெனி ரோட்டு வண்டிக்காரர்களின் வீடுகளைத் தேடிப் பிடிப்பீர்களாம். ஒருவர் கோழிக்கூட்டில் அடித்திருந்த தகட்டைக் கழற்றிக்கொண்டு, கூட்டுக்குப் புதுக் கதவே போட்டுக் கொடுத்தீர்களாம். கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று சுவரில் மாட்டினீர்கள். துரைமார்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தகடுகளை வண்டிகளிலிருந்து கழற்றியது யார் என்று அவர்களில் ஒருவராவது கேட்டாரா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்துத் துரைமார் சேர்ந்து கம்பெனி வைத்துப் போட்ட சொந்த ரோடு அது. லைசன் எடுத்த வண்டிக்குத்தான் அதன் கேட் திறக்கும். எடுத்ததற்கு அடையாளமாக நம்பர் அடித்த பித்தளைத் தகடு ஒன்றை வண்டியின் பக்கப் பலகையில் முடுக்குவார்கள். அப்பாவின் வண்டிக்கு முப்பத்தொன்று. யட்டியாந்தோட்டை கடைத்தெருவிலிருந்து தோட்டங்களுக்கு அரிசி ஏற்றி, அந்த வருமானத்தில்தான் உங்களை இங்கிலீஷ் படிக்க வைத்தார். அந்த இங்கிலீஷால்தான் நீங்கள் அதே கேட்டில் கணக்கெழுதும் கிளாக்கர் ஆனீர்கள்.

பிறகு துரைமார் கார் வாங்கினார்கள். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை ரோட்டைக் கிழிக்கிறது என்று மாட்டு வண்டி லைசனை எல்லாம் நிறுத்தினார்கள். அன்று நானும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

"தகட்டக் கழட்டணும். ஆடர் வந்திருச்சு" என்றீர்கள்.

"கழட்டிக்கப்பா. இந்த லோட மட்டும் வுட்ரு. மழ புடிச்சிருச்சு. பழைய ஏத்தத்துல மாடு இழுக்காது" என்றார் அப்பா.

"முடியாதுங்க. வண்டியத் திருப்புங்க."

அப்பாவிடம் நாம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அப்பா உங்களை ஏறிட்டுப் பார்த்தார். நீங்கள் குனிந்து தகட்டைக் கழற்றினீர்கள்.

பின்னால் பெரிய துரையின் கார் நின்றது, அதனால் பயந்துவிட்டீர்கள் என்று பலநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் வண்டியை ஓரம் கட்டினோம், கார் போனது. மழையில் நனைந்துகொண்டு அப்பா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அண்ணா? ஏன் திறக்கவில்லை?

கேட் திறக்காததால் பழைய மலைப்பாதையில் திரும்பினோம். அதன் ஏற்றத்தில் வண்டி பின்னால் வழுக்கியது. சக்கரத்துக்குக் கல் வைக்க நான் ஓடினேன். அதற்குள் அப்பா தோளைக் கொடுத்துவிட்டார். சக்கரம் அவர் நெஞ்சில் ஏறியது. மூன்று நாள் கிடந்து இறந்தார். நீங்கள் அடக்கத்துக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து சில நாளில், உங்கள் கேட்டுக் காவல்கார பண்டா மாமா நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்கு வந்தார். மடியிலிருந்து ஒன்றை எடுத்து, "மே தாத்தகே, நங்கி. தியாகன்ன" என்றார். அப்பாவுடைய தகடு, தங்கச்சி, வைத்துக்கொள் என்று. ஸ்டோர் மூலையில் சாக்கில் கிடந்ததைத் தேடி எடுத்திருக்கிறார். சிங்களத்து மனிதருக்குத் தோன்றியது, மகனுக்குத் தோன்றவில்லை.

ரோடு சர்க்கார் கைக்குப் போய், கேட்டை எடுத்து, ஸ்டோரில் கிடந்த தகடுகளை வண்டிக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோன பிறகு நீங்கள் தெஹியோவிட்டவில் என் வீட்டுக்கு வந்தீர்கள். எனக்குக் கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. என் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தீர்கள்.

"அப்பாவோட தகடு யாருகிட்டயாச்சும் இருக்கான்னு தெரியுமா?"

"தெரியாது."

அது நீங்கள் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் இருந்தது. 'நான்தான் கழட்டினேன், தப்புத்தான்' என்று நீங்கள் சொன்னால் எடுத்துக் கொடுத்திருப்பேன். கோப்பையைக் கீழே வைக்கிறவரைக்கும் காத்திருந்தேன். நீங்கள் வெற்றிலை கேட்டீர்கள், போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். பதினோரு வருடம் தேட விட்டேன். நீங்கள் தேடுகிற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை ஒளிப்பானேன்?

உங்கள் அடக்கத்தன்றுதான் அந்தச் சுவரை முதன்முதலில் பார்த்தேன். எல்லாத் தகடும் நம்பர் வரிசையில். முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் வெறும் இடம். அதைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள். எனக்கு எரிந்தது. சுவரில் இடம் விடத் தெரிந்தவருக்கு வாயைத் திறக்க ஏன் தெரியவில்லை?

அண்ணி என் கையைப் பிடித்து, "ஒங்கப்பா தானே கழட்டி இவரு கையில குடுத்தாராமே, எப்பவும் சொல்லுவாரு" என்றார்.

செத்தவர் வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். உங்கள் மகள் ரெஜினா மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அந்தத் தகடு எங்க அத்த?"

"எங்கிட்டதான்."

"அப்பா ஒங்க வீட்டுக்கு வந்தன்னைக்கும்?"

"அன்னைக்கும் எங்கிட்டதான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் உங்களைப் போல நானும் பொய்க்காரியாவேன்.

உங்களை மன்னிக்க என்னால் முடியவில்லை. பூசையில் எல்லாரோடும் மண்டியிடுவேன், அவ்வளவுதான். ஆனால் ரெஜினாவுக்கு நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்லி முடிக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் அவள் வரச் சம்மதித்தால், பழைய ஏற்றத்துக்குக் கூட்டிப்போவேன். வண்டி நின்ற இடத்தையும், நான் கல்லோடு ஓடிவந்த தூரத்தையும் நடந்து காட்டுவேன். அங்கிருந்து மலைச்சரிவில் இறங்கி, நீங்கள் அடக்கத்தன்றைக்குப் பிறகு எட்டியே பார்க்காத அப்பாவின் குழிமேட்டுக்கு அவளை அழைத்துப்போவேன். நம் இருவரில் யாரை அவள் வெறுப்பது என்று அவளே முடிவு செய்யட்டும். உங்களுக்காக ஒரு சொல் குறைக்க மாட்டேன். எனக்காகவும் குறைக்க மாட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் ஒரே தங்கச்சி
ஞானம்மா