அடுத்திருந்து கெடுத்தவர்

மர்பி டவுன், பெங்களூரு
ஞாயிறு, சாயங்காலம்

மஸ்கட்டின் ஊசி ராணியும் என் ஒரே அக்காவுமாகிய ஸ்னேஹாவுக்கு, தங்கை ஜூடித் எழுதுவது.

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லாரும் நலம். சுனில் அங்கிளும் நலம் என்பதுதான் என் வருத்தம்.

போனில் சொல்லலாம்தான். நீ கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். நீயும் சாப்பாட்டையும் வெயிலையும் தாண்டி எதுவும் பேசுவதில்லை. அதனால் லீவு முடிந்து நாளை கிளம்பும் உங்கள் ஆஸ்பத்திரி ராகேஷிடம், பலகார டப்பாவுக்கு அடியில் வைத்து இதை அனுப்புகிறேன். தின்று முடித்தால்தான் கடிதம் கிடைக்கும். உன்னைத் தெரியும், ஒரே நாளில் கிடைத்திருக்கும்.

விஷயம் இதுதான். உன் சிநேகிதி மமதா அக்காவுக்குக் கல்யாணம். கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் படிப்பாரே, அதேதான். உனக்கு இரண்டோடு நின்றது. கன்னடத்தில் 'ஒலெ' என்றால் அடுப்பு. உன் இரண்டாவது ஓலைக்கு அப்புறம் மூன்று நாள் நம் வீட்டில் ஒலெ எரியவில்லை.

மமதா அக்காவின் அப்பா சுனில் அங்கிள் அன்றைக்குப் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. "பொண்ணு தெனமும் விடியக்காலையில ஒரு ஆளோட வண்டியில வந்து எறங்குது" என்று பொம்மனஹள்ளிக்குப் போய் உன் மாப்பிள்ளை வீட்டில் சொன்னார். அத்தனையும் உண்மை. அந்த ஆள் ஆஸ்பத்திரி வேன் டிரைவர், நைட் டியூட்டி முடிந்த நர்சுகளையெல்லாம் வரிசையாக வீட்டில் இறக்கிவிடுகிறவர் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அந்த மனிதரின் மகளுக்கு அம்மா கல்யாண ரவிக்கை தைக்கிறாள். தாயில்லாத பெண்ணாம். மஞ்சள் அரைப்பதிலிருந்து பாத்திரம் எடுத்துவைப்பது வரை எல்லாம் அம்மாதான். நான் கத்தினேன். "அடுத்திருப்பவரை அன்பு செய்னுதான்டி கட்டளை. ஆளைப் பொறுக்கி எடுத்துக்கோன்னு இல்லை" என்றாள். "அவர் அடுத்திருப்பவர் இல்லைம்மா, கெடுத்திருப்பவர்" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் குண்டூசி இருந்ததால் சிரிக்க முடியவில்லை. அந்தக் கோபத்தில், கல்யாணம் முடிகிற வரை தினமும் காலையில் அங்கிள் வீட்டுக்கு இட்லி கொண்டுபோவது என் வேலை என்று சொல்லிவிட்டாள்.

கட்டளையை நிறைவேற்றினேன். என் வழியில். தெருமுனையிலிருந்தே, "அங்கிள்! ஸ்னேஹா அக்கா வீட்டு இட்லி!" என்று கூவிக்கொண்டு போவேன். பால் வாங்க நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள், "மெதுவா சொல்லும்மா" என்றார். மூன்றாம் நாள், "அங்கிளுக்கு மெதுவான இட்லி!" என்று கூவினேன். நான்காம் நாளிலிருந்து பின்வாசலில் காத்து நின்றார். நானும் பின்வாசலுக்கே போய்க் கூவினேன். இவ்வளவு அன்பை அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

ஆனால் இட்லியோடு விடுவதாக இல்லை, அக்கா. மமதா அக்கா வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் ஒருவரோடு காரில் போகிறாள். என் கண்ணால் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். காரின் முன்னாலும் பின்னாலும் 'எல்' போர்டு. அந்த போர்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னால் போதும், ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது. மாப்பிள்ளை வீட்டார் மூன்றாவது ஓலைக்கு நம் கோயிலுக்கே வருகிறார்கள் என்று தெரிந்ததும், கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பழகினேன்.

இன்று காலை ஃபாதர் படித்து முடித்தார். நான் எழுந்து நின்றேன்.

யாரும் எழுந்து நிற்கிற வழக்கமே இல்லையே. கோயிலே திரும்பியது. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் சுனில் அங்கிளின் முகம் எப்படி ஆனது தெரியுமா? நீ அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும். என் வாழ்நாளின் மிகச் சிறந்த ஐந்து வினாடி. "என்னம்மா?" என்றார் ஃபாதர். வாயைத் திறந்தேன். அப்போது பார்த்தேன், மமதா அக்கா என்னைப் பார்க்கவில்லை. குனிந்துகொண்டு, பக்கத்தில் இருந்த அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஃபேன் ஓடலை, ஃபாதர்" என்றது என் வாய். துரோகி வாய்.

வெளியே வந்ததும் மமதா அக்கா என் காதைத் திருகி, "காரைத்தானே சொல்ல வந்தே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சொல்லியிருந்தா எங்கப்பா ஒண்ணும் பதில் பேசியிருக்க முடியாதுடி, அவர் செஞ்சதும் அதேதானே" என்றாள். அப்புறம் காதை விட்டுவிட்டு அழுதாள்.

சற்று முன் அம்மா அவர்கள் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து அங்கிள் நம் வாசலுக்கு வந்தார். நான் உள்ளே கூப்பிடவில்லை. "ஸ்னேஹாவோட புது நம்பர் குடும்மா. அன்னைக்கு விட்ட வார்த்தையைப் பத்திப் பேசணும்" என்றார். விட்ட வார்த்தையா, விட்டுவிட்ட வார்த்தையா என்று கேட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டும்தான்" என்றார்.

நம்பர் எழுதிக் கொடுத்தேன். கடைசி எண்ணை மட்டும் மாற்றி. இந்நேரம் மஸ்கட்டில் யாரோ ஒரு அரபிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அரபிக்காரர் நல்லவராக இருந்தால் மன்னிக்கட்டும். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இப்போதைக்கு இல்லை. ஆனால் அவர் கேட்க வந்தது உன்னிடம். அதை நான் வாசலிலேயே மறித்துவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. சரியான எண்ணைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். கொடு என்றால் கொடுக்கிறேன், கோழிக் கிறுக்கலில்.

கல்யாணம் வருகிற இருபதாம் தேதி. மணப்பெண் தோழி யார் என்று கேட்டால் மமதா அக்கா பேச்சை மாற்றுகிறாள். அம்மாவோ யார் அளவும் எடுக்காமல் இன்னொரு ரவிக்கை வெட்டி வைத்திருக்கிறாள். எனக்குப் போட்டுப் பார்த்தேன், தோளில் தொங்குகிறது.

லீவு கேட்டுப் பார், அக்கா. உன் கட்டிலில் நான் படுப்பதில்லை. துணி மட்டும்தான் குவித்து வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
ஜூடித்