அச்சுக்கு அல்ல

ஜூலை 12

மெதடிஸ்ட் திருச்சபை வட்டாரச் செய்தி மடலின் ஆசிரியர் அவர்களுக்கு,

வாழ்த்துகள். பணிமனைச் சாலை ஆலயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் எழுதுகிறேன். மாதம்தோறும் இருபதாம் தேதிக்குள் சபைச் செய்தி வந்து சேர வேண்டும் என்ற உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது.

சென்ற மழையில் ஆலயத்துக்குள் புகுந்த வெள்ளத்தில் பெஞ்சுகள் எல்லாம் ஊறிப் பலகை பிளந்துவிட்டன. சபையார் இப்போது பின்கூடத்தில் ஸ்டூல்களிலும் கவிழ்த்த பெட்டிகளிலும் உட்கார்ந்து ஆராதிக்கிறார்கள். ஞாயிறு தோறும் இருபது பேர் வருகிறார்கள். மழை என்றால் அதில் பாதி.

ஆலயத்துக்கு ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் பஸ் பணிமனை. காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் படுக்க இடமில்லாமல் வண்டி சீட்டிலேயே சுருண்டு கிடப்பதைப் பார்த்தோம். அடுத்த மாதம் முதல் மதிய வேளையில் கூடத்தை அவர்களுக்குத் திறந்து வைக்கிறோம். பாய், தலையணை, மின்விசிறி, குடிதண்ணீர் உண்டு. பிரசங்கம் கிடையாது.

இதற்குக் கீழே உள்ளது அச்சுக்கு அல்ல. ஆசிரியருக்கும் அல்ல, ஆசிரியராக இருக்கும் என் மனைவிக்கு.

போன் பண்ண வேண்டாம், சொல்ல ஏதாவது இருந்தால் செய்தி மடலுக்கு எழுதுங்கள் என்றாய். எழுதிவிட்டேன். போதகர் வீட்டில் இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பஸ் கழுவும் இடம். சாம்பல் நிற ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில் இருக்கிறது? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போதகர்

*

ஜூலை 24

போதகர் அவர்களுக்கு,

செய்தி கிடைத்தது, நன்றி. ஆகஸ்ட் இதழில் வருகிறது. "பிரசங்கம் கிடையாது" என்ற வரியை எடுத்துவிடலாமே என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். எடுக்கவில்லை. மொத்தச் செய்தியிலும் உருப்படியான வரி அதுதான். கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும், சாவி யாரிடம் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை எழுதுங்கள். வாசகர் ஜோசியம் பார்க்க மாட்டார்.

ஸ்வெட்டர் கறுப்புப் பெட்டியில், பிரசங்கக் குறிப்புகளுக்கு அடியில் இருக்கிறது. நான் அடுக்கவில்லை. நீங்கள் அடுக்கியதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழங்கால் என் சொந்த விஷயம்.

ஆசிரியர்

*

செப்டம்பர் 15

ஆசிரியர் அவர்களுக்கு,

கூடம் பகல் பன்னிரண்டுக்குத் திறக்கிறது, நாலுக்கு மூடுகிறது. சாவி சபைப் பொருளாளரிடம். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். கமிட்டியில் எதைச் சொன்னாலும் நிறுத்திவிடுவதால் அவருக்கு பிரேக் அண்ணன் என்று பெயர். இந்தத் திட்டத்தையும் நிறுத்தத்தான் பார்த்தார். இப்போது தினமும் அவர்தான் பாய் விரிக்கிறார். குறட்டை விடுகிறவர்களுக்குச் சுவரோரம் தனி வரிசை போட்டிருக்கிறார்.

வரும் நிகழ்ச்சி: அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை மதியம், ஆலய முற்றத்தில் பொது விருந்து. பணிமனைக் குடும்பங்களுக்கும் வட்டாரத்தின் எல்லாச் சபைகளுக்கும் அழைப்பு. வருகிறவர்கள் தயவுசெய்து ஆளுக்கொரு நாற்காலி கொண்டு வரவும்.

கடைசி வரியைப் பற்றிக் கமிட்டியில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

"விருந்துக்குக் கூப்பிட்டுட்டு நாற்காலி கொண்டான்னா சிரிப்பாங்க ஐயா," என்றார் பிரேக் அண்ணன். "அப்புறம் தட்டு கொண்டா, சோறு கொண்டாம்பீங்க."

ஆர்கன் வாசிக்கும் அக்கா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "சிரிச்சுக்கிட்டே வரட்டுமே. அழுதுகிட்டா வரச் சொல்றோம்?"

அதோடு தீர்மானம் நிறைவேறியது.

அச்சுக்கு அல்ல:

விடுதியிலிருந்து மகள் போன் செய்தாள். "ஏம்ப்பா, அம்மாகிட்ட என்ன பண்ணீங்க?" என்றாள். டிரான்ஸ்பர்தான் காரணம் என்றேன். "அஞ்சு ஊரு மாறியாச்சு. எந்த டிரான்ஸ்பருக்கு அம்மா பேச்சை நிறுத்தினாங்க?" என்றாள்.

போதகர்

*

செப்டம்பர் 26

போதகர் அவர்களுக்கு,

விருந்துச் செய்தி முதல் பக்கத்தில் வருகிறது, நாற்காலி வரியோடு. கமிட்டிப் பேச்சைப் போடவில்லை. ஆர்கன் அக்காவுக்கு என் வணக்கம்.

மகளிடம் டிரான்ஸ்பர் என்று சொன்னீர்களாம். அது சரியான செய்தி இல்லை. திருத்தம் தருகிறேன்.

மெதடிஸ்ட் போதகரைக் கட்டிக்கொண்டவளுக்கு மூட்டை கட்டத் தெரியும். ஐந்து ஊர்களில் ஐந்து ஆஸ்பத்திரிகளில் புதுசாகச் சேர்ந்தவள் என்று நைட் டியூட்டி பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் நான் வாய் திறந்ததில்லை. இந்த முறை கண் மருத்துவமனையில் என்னைத் தலைமை நர்ஸ் ஆக்கினார்கள். அன்று சாயங்காலம் நீங்கள் கேக் வாங்கி வந்தீர்கள். கத்தியை என் கையில் கொடுத்து, இனிமேல் நர்ஸம்மாவை யாரும் அசைக்க முடியாது என்று சொன்னீர்கள்.

அதற்கு முந்தின வாரமே உங்களுக்குப் பணிமனைச் சாலை என்று சொல்லியாகிவிட்டது.

ஏப்ரல் மாநாட்டில் போதகர்களின் நியமனப் பட்டியல் வாசித்தபோது நான் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் பெயரும் அந்த ஊரும் மைக்கில் வந்தன. பக்கத்திலிருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "நல்ல இடமாம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. போதகர் மனைவிக்குத் தெரியாதா என்பது போல் பார்த்தார்.

மேடையில் வாசிக்கும்வரை நியமனத்தை வெளியே சொல்லக் கூடாது. அது சபையின் ஒழுங்கு, எனக்கும் தெரியும். வெளியே என்றால் அதில் நானுமா?

இது அச்சுக்கு அல்ல.

ஆசிரியர்

*

அக்டோபர் 18

ஆசிரியர் அவர்களுக்கு,

பொது விருந்து நல்லபடியாக நடந்தது. சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். மடக்கு நாற்காலி, மோடா, பள்ளிக்கூட பெஞ்சு, எல்லாம் வந்தது. முடிதிருத்துபவர் ஒருவர் தன் கடையின் சுழலும் நாற்காலியை இரண்டு பேரை வைத்துத் தூக்கி வந்துவிட்டார். பிள்ளைகள் அதைவிட்டு இறங்கவே இல்லை. சக்கர நாற்காலியில் வந்த பெரியவர் வாசலில் பிரேக் அண்ணனை நிறுத்தி, "சொன்ன மாதிரி நான் கொண்டாந்துட்டேன், பார்த்துக்கோ," என்றார். பணிமனைக்காரர்கள் பழைய பஸ்களிலிருந்து கழற்றிய சீட்டுகளைச் சுமந்து வந்தார்கள். பிரேக் அண்ணன் ஒரு சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இது நான் ஓட்டின வண்டி என்றார். சாப்பிட்டு முடியும்வரை அதைவிட்டு எழுந்திருக்கவில்லை.

போகும்போது பலர் நாற்காலியை எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டார்கள் என்று கூப்பிட்டுச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை எதுல உக்காருவீங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள். இப்போது ஆராதனையில் எந்த நாற்காலியும் அடுத்ததைப் போல இல்லை. மார்ச்சில் இன்னொரு விருந்து வைப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

அச்சுக்கு அல்ல:

வெளியே என்றால் நீயுமா என்று கேட்டாய். அன்று உன்னையும் வெளியேதான் நிறுத்தினேன். விளக்கம் எழுதலாம், ஆனால் அது பிரசங்கமாகப் போய்விடும்.

போதகர்

*

ஜனவரி 8

போதகர் அவர்களுக்கு,

மூன்று மாதமாகச் செய்தியை மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். கோபம் என்று நினைக்க வேண்டாம். எழுத உட்கார்ந்தால் ஆசிரியர் என்று கையெழுத்துப் போட வரவில்லை, வேறு எப்படிப் போடுவது என்றும் தெரியவில்லை.

புத்தாண்டு உடன்படிக்கை ஆராதனைக்குப் போயிருந்தேன். எந்த வேலையில் வேண்டுமானாலும் என்னை வையும் என்று எல்லோரும் சேர்ந்து கடவுளிடம் சொல்லும் இடத்தில் எனக்குக் குரல் எழவில்லை. வருஷா வருஷம் பக்கத்தில் உங்கள் சத்தம் பெரிதாகக் கேட்கும், அதன் மேலேறி நானும் சொல்லிவிடுவேன். இந்த வருஷம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தபோதுதான் என்ன சொல்கிறோம் என்றே கவனித்தேன்.

முழங்கால் பரவாயில்லை. மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது.

மார்ச் விருந்தின் தேதி இன்னும் வரவில்லை.

ஆசிரியர்

*

பிப்ரவரி 3

நர்ஸம்மாவுக்கு,

இந்த முறை அச்சுக்கு ஒன்றுமில்லை. விருந்து மார்ச் மூன்றாம் சனிக்கிழமை, அதை மட்டும் எடுத்துக்கொள்.

நேற்று மாவட்ட மேற்பார்வையாளர் ஐயா வந்திருந்தார். கூடத்தில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். நீ இப்போது இருக்கும் ஊர்ப் பெரிய ஆலயத்தில், நாம் இருந்த அதே ஆலயத்தில், ஏப்ரலில் இடம் காலியாகிறதாம். என்னை அனுப்ப நினைக்கிறார்கள்.

"வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் தம்பி. வழக்கம்போல மாநாடு வரைக்கும் மனசுக்குள்ளேயே இருக்கட்டும்," என்றார்.

"ஐயா, இன்னைக்கே என் மனைவிக்கு எழுதப்போறேன். அவகிட்டருந்து பதில் வந்த பிறகுதான் உங்களுக்குப் பதில் சொல்வேன்," என்றேன்.

ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே என்றார். இருக்கிறது ஐயா, அவளும் நானும் ஒரே வீடு என்றேன். டீயைக் குடித்துவிட்டு, "என் வீட்டுக்காரிக்கு இது தெரிஞ்சா எனக்கு ஆபத்து," என்று சொல்லிக் கிளம்பினார்.

வேறு யாருக்கும் தெரியாது. பிரேக் அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு என்ன ஆசை என்று கேட்பாய். உன்னோடு ஒரே வீட்டில் இருக்க ஆசை. இந்தக் கூடத்தை இன்னும் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ளவும் ஆசை. எனக்குப் பிறகு வருகிறவர் பாயைச் சுருட்டிவிட்டால் இவர்கள் மறுபடி வண்டிக்குள்தான் படுப்பார்கள். இரண்டையும் எழுதிவிட்டேன். நீ சொல். நீ சொன்ன பிறகுதான் வாய் திறப்பேன்.

நான்

*

பிப்ரவரி 11

என்னங்க,

கடிதத்தை மருத்துவமனையில், கருவிகளைக் கொதிக்க வைக்கும் அறையில் நின்று படித்தேன். கண்ணாடி முழுக்க ஆவி. அதனால்தான் துடைத்துக்கொள்கிறேன் என்று உதவிக்கு வந்த பெண்ணிடம் சொன்னேன். நம்பினாளா தெரியாது.

ஏப்ரல் வரைக்கும் வட்டாரத்தில் யாருக்கும் தெரியக் கூடாத செய்தி ஒன்று செய்தி மடல் ஆசிரியரின் கைப்பையில் இருக்கிறது. எந்தப் பத்திரிகைக்காரிக்கும் இப்படி ஒரு சோதனை வரக் கூடாது. ஒரு வரிகூடப் போடவில்லை.

இந்த இடமாற்றம் வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கூடத்தை விட்டுவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தீர்கள் என்றால், டீயை ஆற்றிக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பீர்கள். எந்தப் பக்கம் பஸ் சத்தம் கேட்கிறது என்று தலை திரும்பும். உங்களைத் தெரியாதா எனக்கு. நானும் இந்த வார்டை விட்டு வரப்போவதில்லை. ஐந்து ஊர் உங்களோடு வந்தேன், இந்த ஒரு ஊரில் நான் இருக்கிறேன். ஒரே வீடு என்று அவரிடம் சொன்னீர்களே, அது இப்போதைக்கு இரண்டு ஊரில் இருக்கட்டும். மாதத்தில் இரண்டு வாரக் கடைசி எனக்கு விடுப்பு உண்டு. ஒன்றுக்கு நான் வருகிறேன், ஒன்றுக்கு நீங்கள் வாருங்கள். ஞாயிறு பிரசங்கத்துக்கு அன்று வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் சபை சந்தோஷப்படும்.

நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று நான் இத்தனை மாதம் காத்திருந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. என்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான்.

மார்ச் விருந்துக்கு வருகிறேன். நம் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் ஒன்றை எடுத்து வருகிறேன், கால் ஆடுமே, நீங்கள் சரிசெய்கிறேன் என்று சொல்லிச் சொல்லி ஏமாற்றியது, அது. திரும்பி எடுத்துப் போக மாட்டேன். இன்னொன்று இங்கே உங்களுக்காக இருக்கும். முழங்காலுக்குத் தைலமும் நான்தான் கொண்டு வர வேண்டுமா, அங்கேயே வாங்கி வைப்பீர்களா?

பஸ்ஸில் நாற்காலிக்கும் டிக்கெட் கேட்பார்களா என்று பிரேக் அண்ணனிடம் விசாரித்து எழுதுங்கள்.

நான்